முப்பத்தொன்றாம் கேள்வி

ஹெர்டிஸ் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவாள். அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பதற்கு. அணைத்துத்தான் இருக்கும். அவள் வீட்டின் கீழ்த்தளத்தில் நான் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். தலைக்கு மேல் அந்தக் காலடிகள் சமையலறை வரை போய் நின்று மறுபடி வாசலுக்கு வருவதைக் கேட்ட பிறகுதான் அன்றைய நாள் தொடங்கியது என்று எனக்கே ஒரு பழக்கம் ஆகிவிட்டது.

முப்பத்தொரு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. இயந்திரங்களுக்கான ஆங்கிலக் கையேடுகளை நார்வே மொழியில் எழுதுவது. மரம் அறுக்கும் ரம்பம், மீன் இறைக்கும் பம்ப், காது கேட்கும் கருவி, குறைமாதக் குழந்தையை வைக்கும் கண்ணாடிப் பெட்டி. அவளுடைய மேசைக்கு மேல் பதினொரு செருப்புப் பெட்டிகள், உள்ளே அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஓர் ஆங்கிலச் சொல். அதுவும் பல அர்த்தம் உள்ள சொல் மட்டும். "ஒரே அர்த்தம் இருந்தா அதை நம்பலாம். அதுக்கு எதுக்கு அட்டை?" என்பாள். 'சார்ஜ்' என்ற சொல்லுக்கு மட்டும் நான்கு அட்டைகள் இருந்தன. பேட்டரிக்கு ஏற்றுவது, கட்டணம் கேட்பது, போலீஸ் குற்றம் சாட்டுவது, காளை பாய்ந்து வருவது. ஆங்கிலேயர் எல்லாவற்றையும் ஒரே இழுப்பறையில் போட்டு மூடிவிடுகிறார்கள், நார்வே மொழியில் ஒவ்வொன்றுக்கும் தனி இழுப்பறை வேண்டியிருக்கிறது, தான் நாளெல்லாம் துணி பிரித்து அடுக்கும் வேலைக்காரி என்று ஒருமுறை சொன்னாள்.

அவளைச் சிறந்த மொழிபெயர்ப்பாளர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அவளுடைய வாக்கியங்கள் காய்ந்த ரொட்டி மாதிரி. ஆனால் அவள் எழுதும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய விரல் இருப்பதாக நினைத்துப் பயந்தாள். மொழியைப் பற்றி நிறையத் தெரிந்தவர்கள் எழுதியதை எல்லாம் படித்திருக்கிறேன். அந்தப் பயத்தை அவர்களில் அதிகம் பேரிடம் பார்த்ததில்லை.

நான் சொல்ல வந்தது போன ஜூலையில் நடந்தது. நாடு முழுக்க வேலை நிற்கும் கோடை விடுமுறையின் முதல் வாரம், வியாழக்கிழமை. ஹெர்டிஸின் தம்பி மாக்னார் எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். அவன் மின்வேலைக்காரன், அதோடு எங்கள் தீவின் மீட்புப் படகுக்குத் தலைவன். படகில் எல்லோரும் சம்பளம் இல்லாத தொண்டர்கள். வறுத்த கானாங்கெளுத்தி மீன் சட்டியோடு மேசைக்கு வந்தது. சூடு மேசையில் படாமலிருக்க மாக்னார் அடியில் ஒரு புத்தகத்தை வைத்தான்.

ஹெர்டிஸ் தலையைச் சாய்த்து அதன் அட்டையைப் பார்த்தாள். பிறகு துணியால் சட்டியைத் தூக்கி நகர்த்திவிட்டுப் புத்தகத்தை உருவினாள்.

"இது என்னோடது."

"உன்னோடதா? படகோட புத்தகம் அது. தொட்டிலோட வந்துச்சு."

தொட்டில் என்று அவர்கள் சொன்னது, கடலில் விழுந்தவரைப் படுக்க வைத்து ஏற்றி இறக்கும் படுக்கையை. அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் வாங்கியது. கையேட்டை மொழிபெயர்த்தவர் பெயர் எந்தக் கையேட்டிலும் இருக்காது. தன் எழுத்து அச்சில் எங்கே போகிறது என்று அவளுக்கே தெரியாது. முப்பத்தொரு வருடத்தில் அதை ஒரு சமையலறையில் பார்த்தது அதுதான் முதல்முறை.

"அடேங்கப்பா, எங்க வீட்டுலயும் ஒரு எழுத்தாளர்!" என்றான் மாக்னார். "கையெழுத்துப் போட்டுக் குடு. சட்டி வட்டத்துக்குப் பக்கத்துல போடு."

அவள் சிரிக்கவில்லை. பக்கங்களை வேகமாகத் தள்ளிப் பத்தொன்பதாம் பக்கத்தில் நின்றாள். ஒரு வரியில் விரலை வைத்தாள். 'தொட்டில் இறங்கும்போது கயிற்றைச் சரிபார்க்கவும்.'

"மஞ்சளைக் காணோம்" என்றாள்.

அவள் வேலை செய்யும் முறை இது. கணினி ஒரு சொல்லை முன்பு எப்படி எழுதினோமோ அப்படியே அடுத்த வரியிலும் நிரப்பிக்கொண்டு போகும். அந்தக் கையேட்டில் 'செக்' என்ற சொல் இருநூறு இடத்தில் வந்தது. இருநூறு இடத்திலும் 'சரிபார்' என்று நிரப்பியது. அந்த ஒரு வரியில் மட்டும் அவள் நின்றாள். ஏனென்றால் கப்பல்காரர்களின் ஆங்கிலத்தில் அதே சொல்லுக்கு, ஓடுகிற கயிற்றை இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறை என்றும் அர்த்தம். அதனால் அந்த வரிக்கு மஞ்சள் நிறம் பூசி, கேள்விப் பட்டியலில் எழுதி அனுப்பினாள்: இதுவா, அதுவா? மொத்தம் நாற்பத்து நான்கு கேள்விகள். இது முப்பத்தொன்று. பதில் வந்த பிறகுதான் மஞ்சளை எடுக்க வேண்டும்.

"மஞ்சளை எடுத்துட்டாங்கன்னா பதில் வந்துருச்சுன்னுதானே அர்த்தம்?" என்றேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். தம்பியிடம், "சனிக்கிழமை படகுத்துறை விழாவுல தொட்டிலை இறக்கிக் காட்டப் போறீங்கல்ல? யாரு படுக்கிறது?" என்று கேட்டாள்.

"நம்ம இல்வாதான். ரெண்டு வாரமா அதே பேச்சு. புதுசா நீச்சலுடை எல்லாம் வாங்கியாச்சு." இல்வா அவன் மகள்.

"வேண்டாம் மாக்னார்."

"ஏன், மே மாசம் நடந்ததை நினைச்சா? அது தூரிட் பண்ணின கூத்து. பிரேக்கைப் போடாம விட்டுட்டா. நான் போடுவேன்."

மே மாதத்தில் நடந்தது தீவில் எல்லோருக்கும் தெரியும். தூரிட் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை செய்கிறவள். படகில் ஆறு வருடம். பயிற்சியில் கயிறு அவள் பொறுப்பு. தொட்டில் சரசரவென்று இறங்கிப் படகின் விளிம்பில் மோதி, உள்ளே படுத்திருந்தவருக்குக் கணுக்கால் முறிந்தது. பிரேக்கைப் போட்டேன், புத்தகத்தில் சொன்னபடி கயிற்றைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன் என்றாள் தூரிட். பார்த்துக்கொண்டு நிற்க உன்னை எதற்கு, ஒரு கடற்பறவை போதுமே என்று மாக்னார் எல்லோர் முன்னாலும் சொன்னான். மறுநாள் காலை அவளுடைய படகு உடை துவைத்து மடித்துப் படகுத்துறை அறையின் கதவருகே இருந்தது; அவள் விலகிவிட்டாள். அந்தக் கதையைக் கேட்டு நானும் சிரித்தேன். ஹெர்டிஸும் சிரித்தாள். "தப்பு பண்றவங்களுக்குப் புத்தகம் ஒரு நல்ல முக்காடு" என்று அவள் அன்று சொன்னது எனக்கு இப்போது ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும்.

"சரி, நீயே சொல்லு" என்றான் மாக்னார். "பார்க்கணுமா, பிடிக்கணுமா? சொல்றதைச் செய்றேன்."

"தெரியலை. பிரேக் தானாப் பிடிக்கிற வகைன்னா, நீ கையால பிடிச்சா விரலைக் கப்பி இழுத்துக்கும். தானாப் பிடிக்காத வகைன்னா, நீ பிடிக்கலேன்னா தொட்டில் விழும்."

"ஆக, பிடிச்சாலும் தப்பு, பிடிக்காட்டியும் தப்பு. நீ எழுத்துக் கத்துக்கிட்ட நாள்லேர்ந்து இப்படித்தான் இருக்கே. மீன் ஆறுது, சாப்பிடு."

வீட்டுக்கு வந்ததும் அவள் கணினியைத் திறந்தாள். என்னையும் மேலே கூப்பிட்டாள். மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் திட்டப் பொறுப்பாளருக்கு எழுதினாள். ஒரு நொடியில் தானியங்கிப் பதில் வந்தது, ஆகஸ்ட் ஐந்தாம் தேதிதான் திரும்புவாராம். தொட்டில் செய்த தொழிற்சாலைக்கு எழுதினாள், அங்கேயும் அதே. ஜூலையில் இந்த நாட்டில் பதில் சொல்லக் கணினி மட்டும்தான் இருக்கிறது.

பிறகு மூல ஆங்கிலக் கோப்பைத் திறந்து அதை எழுதியவர் யார் என்று தேடினாள். இங்கிலாந்துக்காரர் யாராவது இருப்பார் என்று நான் நினைத்தேன். ஓட்வார் ஹெல்லவிக் என்று இருந்தது. எதிர்க்கரைக்காரர். ஃபெர்ரியில் இருபது நிமிடம். நார்வேக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி, அதை இன்னொரு நார்வேக்காரர் நார்வே மொழிக்குக் கொண்டுவந்திருக்கிறார். எங்கள் தொழிற்சாலைகளில் இது சாதாரணம், யாருக்கும் சிரிப்புக்கூட வருவதில்லை.

ஓட்வார் தொலைபேசியை எடுக்கவில்லை. அவருடைய பக்கத்து வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்தோம். "அவன் மலையில குடில்ல இருக்கான். அங்க சிக்னல் கிடையாது. அதுக்காகத்தானே அங்க போறது?" என்றார் அந்த மனிதர்.

விடுமுறைக்குக் குடிலுக்குப் போன ஒருவரை வேலைக்காகத் தேடிக்கொண்டு போவது இங்கே யாரும் செய்யாத காரியம். சாவுச் செய்தி என்றால்கூட ஞாயிறு வரை பொறுக்கலாமா என்று யோசிப்பார்கள். ஹெர்டிஸ் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். மறுநாள் காலை என் கதவைத் தட்டினாள்.

"நீ வண்டி ஓட்டு. நான் ராத்திரி தூங்கலை."

ஃபெர்ரிக்கு வரிசையில் நின்றபோது அவள் மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்த்தே பேசினாள்.

"ராத்திரி ஒண்ணைக் கண்டுபிடிச்சேன். சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பியோ."

"சொல்லு."

"கேள்விப் பட்டியலுக்குப் பதில் வந்திருக்கு. போன வருஷம், விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மத்தியானம் ரெண்டு அம்பதுக்கு. எனக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்காங்க. நான் திறக்கவே இல்லை. ஒரு வருஷமா அப்படியே கிடக்கு."

"ஏன் திறக்கலை?"

"மூணு மணிக்குக் கணினியை மூடிட்டேன். எனக்கும் விடுமுறைதானே. திரும்பி வந்தப்போ முன்னூறு கடிதம். அவங்க பார்த்துக்குவாங்கன்னு விட்டுட்டேன்."

"என்ன பதில்?"

"நாற்பத்து நாலு கேள்விக்கும் 'சரி'. மேலேர்ந்து கீழ வரைக்கும். 'இதுவா, அதுவா'ன்னு கேட்டிருக்கேன், 'சரி'ன்னு எழுதியிருக்கு. ஒரே இழுப்புல இழுத்து நிரப்பியிருக்காங்க. அதைப் பார்த்துட்டு அந்தப் பொறுப்பாளர் மஞ்சளை எல்லாம் எடுத்துட்டா. நான் அன்னிக்கு அதைத் திறந்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்."

ஒவ்வொரு நாளும் அடுப்பைப் பார்க்கப் பாதியில் திரும்புகிறவள். ஃபெர்ரியில் இரண்டு ஸ்வேலே வாங்கினேன், வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்த அந்தத் தடித்த தோசையை இங்கே யாரும் வேண்டாம் என்பதில்லை. அவளுடையது தாளிலேயே ஆறிப்போயிற்று.

சாலை முடிந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏற வேண்டியிருந்தது. ஏரிக்கரையில், சரிவின் மேலே குடில். வாசலில் பெரிய இரும்பு அடுப்பு ஒன்று கயிறு கட்டி நின்றது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், முழங்காலில் மண்ணோடு, அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லை" என்றாள் ஹெர்டிஸ். "நீங்க எழுதின கையேட்டை நான்தான் மொழிபெயர்த்தேன். ஒரு வரியைப் பத்திக் கேக்க வந்தேன்."

ஓட்வார் என்னைப் பார்த்தார், இவள் நிதானத்தில்தான் இருக்கிறாளா என்பது போல. இருந்தாலும் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினார். அவள் ஆங்கிலப் பக்கத்தையும் கேள்விப் பட்டியலையும் கைப்பையிலிருந்து எடுத்து அடுப்பின் மேல் விரித்தாள்.

"இந்த 'சரி' எல்லாம் நீங்க போட்டதா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நான்தான். படகை வண்டியில மாட்டியாச்சு, வீட்டுக்காரி உள்ள உக்காந்து ஹாரன் அடிக்கிறா. இந்தத் தாள் வந்துச்சு. என்னமோ கணக்கு ஒப்புதல்னு நினைச்சு..." அவர் நிறுத்தினார். "இது கேள்வின்னு நான் பார்க்கவே இல்லை."

"இப்ப பாருங்க. முப்பத்தொண்ணு. இங்க என்ன சொல்ல வந்தீங்க?"

"அதான் எழுதியிருக்கேனே. 'செக்'."

"நம்ம மொழியில?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம மொழியில நான் அதை நினைக்கவே இல்லையே. வேலையில நாங்க எல்லாரும் ஆங்கிலத்துலதான் எழுதுறது. போலந்துக்காரர் இருக்கார், கொரியாக்காரர் இருக்கார். அந்தச் சொல் அப்படியே வந்துச்சு, அப்படியே எழுதினேன். எட்டு வருஷம் ஆச்சு. ரெண்டுல எதுன்னு... உறுதியாச் சொல்ல முடியலையே."

எழுதியவருடைய தலைக்குள் அர்த்தம் பத்திரமாக இருக்கும், போய்க் கேட்டால் எடுத்துக் கொடுப்பார் என்று நம்பித்தான் அவள் மலையேறி வந்திருந்தாள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

"நாளைக்கு அந்தத் தொட்டில்ல என் தம்பி பொண்ணு படுக்கப் போறா" என்றாள்.

ஓட்வார் அடுப்பைப் பார்த்தார். அதைக் கீழே ஏரியில் நின்ற படகுக்கு இறக்கத்தான் கயிறு கட்டியிருந்தார். திடீரென்று என்னிடம், "நீங்க இதை விளிம்பு வரைக்கும் தள்ளுங்க. நான் சொன்னதும் விட்டுடுங்க" என்றார்.

ஹெர்டிஸ் தாள்களை எடுத்ததும் தள்ளினேன். அவர் கயிற்றை ஒரு மரக்கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் குதிகாலைப் புல்லில் ஊன்றினார். "விடுங்க." அடுப்பு சரிவில் சாய்ந்தது. கயிறு விறைத்தது. அவர் கை கொஞ்சம் விட்டது, பிடித்தது, விட்டது, பிடித்தது. அடுப்பு கர்ப்பிணிப் பெண் படியிறங்குவது போல இறங்கியது. பாதி வழியில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

"இதுதான்" என்றார், மூச்சு வாங்க. "சோதனைக் கூடத்துல நானே நின்னு இப்படித்தான் இறக்கினேன். இப்ப ஞாபகம் வருது. அந்தப் பிரேக் நிக்கும்போது பிடிக்கும். இறங்கும்போது கைதான். பிடிக்கலேன்னா கல்லு மாதிரி விழும்."

"யாராவது பிரேக்கைப் போட்டுட்டுக் கயிற்றைப் பார்த்துக்கிட்டு மட்டும் நின்னா?"

"பார்த்துக்கிட்டா? விழுறதைப் பார்ப்பாங்க."

அவர் எங்களோடு வருவதாகச் சொன்னார். தொழிற்சாலைத் தலைவரின் குடில் எங்கே என்று தனக்குத் தெரியும், இன்றைக்கே போய், தொட்டில் வாங்கிய எல்லாப் படகுகளுக்கும் சொல்ல வைப்பேன் என்றார். விடுமுறையில் இன்னொரு குடில் கதவைத் தட்டப் போகிறார். அவர் முகத்தில் அந்தச் சங்கடம் தெரிந்தது. ஆனாலும் காலணியை மாட்டினார்.

பாதி இறக்கத்தில் சிக்னல் வந்ததும் ஹெர்டிஸ் தம்பியைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"கயிற்றைப் பிடிக்கணும் மாக்னார். கட்டையில சுத்தி, விட்டு விட்டுப் பிடிக்கணும். பிரேக் மட்டும் போதாது."

"அப்ப தூரிட் பிரேக்கைப் போட்டிருந்தாளா?"

"போட்டிருந்தா. புத்தகத்துல எழுதினபடி செஞ்சா. நான் எழுதினபடி."

தூரிட் வீட்டுக்கு அன்று மாலையே போனோம். மீன் உருண்டை பொரித்துக்கொண்டிருந்தாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஹெர்டிஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். திறக்காத கடிதத்தையும் விடவில்லை. தான் சிரித்ததையும் சொன்னாள்; அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தூரிட் அடுப்பைக் குறைத்தாள். "நாலு தடவை சொன்னேன், புத்தகத்துல அப்படித்தான் இருக்குன்னு. ஒருத்தராவது திறந்து பார்த்தீங்களா?"

"இல்லை."

"உன் தம்பி அதைச் சட்டிக்கு அடியில வச்சிருக்கானாமே."

"ஆமா."

"ரெண்டு மாசமா தூங்கும்போது பிரேக் போட்டேனா, போடலையான்னு கையை மடக்கி மடக்கிப் பார்க்கிறேன். போட்டேன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

ஹெர்டிஸுக்குத் தெரியும். தீவில் அவளைவிட அது தெரிந்தவர் இல்லை. ஆனால் அவள் தெரியும் என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

"அவன் வந்து சொல்லட்டும்" என்றாள் தூரிட். "இங்க இல்லை. எங்க சொன்னானோ அங்க."

சனிக்கிழமை பகல் படகுத்துறையில் கொடிகள், வாஃபிள் வாசனை, தூறல். பள்ளிக்கூடத்துக்காகத் தூரிட் சாசேஜ் விற்றுக்கொண்டிருந்தாள். மாக்னார் ஒலிவாங்கியைத் தப்பான பக்கமாகப் பிடித்துக்கொண்டு, மே மாதத்தில் தவறு கையேட்டிலும் தன்னிடமும்தான், தூரிட் பிரேக்கைப் போட்டிருந்தாள், தான் அவளைச் சொன்ன பேச்சு கேவலமானது என்று சொன்னான். மூன்று வாக்கியம். அதற்கே அவன் கழுத்து சிவந்துவிட்டது. தூரிட் தலை நிமிராமல் ஒருவருக்குக் கடுகுச் சாந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஹெர்டிஸ் இல்வாவிடம் ஏதோ சொன்னாள். "அத்தை, இது அநியாயம்!" என்று இல்வா கத்தியது கேட்டது. ஹெர்டிஸ் காலணியைக் கழற்றிவிட்டு, துறையில் கட்டியிருந்த படகில் ஏறி, மழைக்கோட்டோடு தொட்டிலில் படுத்தாள். நாற்காலியில் உட்காரும் முன் அதன் காலைப் பார்க்கிறவள்.

மாக்னார் கயிற்றை எடுக்கக் குனிந்தான். தூரிட் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அதை அவனிடமிருந்து வாங்கினாள். ஒன்றும் பேசவில்லை. கட்டையில் இரண்டு சுற்று. தொட்டில் அசைந்து, படகின் விளிம்பைத் தாண்டி, இறங்கத் தொடங்கியது. விட்டாள், பிடித்தாள். பாதியில், தண்ணீருக்கு இரண்டு ஆள் உயரத்தில், நிறுத்திவிட்டாள்.

"சவுகரியமா இருக்கா, ஹெர்டிஸ்?"

ஹெர்டிஸ் கண்ணை இறுக மூடியிருந்தாள். தூறல் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"அவசரம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லை" என்று கீழேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "நீ சொல்ற வரைக்கும்."

எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. நீண்ட நேரம். பிறகு தூரிட் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தண்ணீர் மேல் ஓர் இலை விழுகிற மாதிரி இறக்கினாள். கயிற்றை மாக்னாரின் கையில் கொடுத்துவிட்டு சாசேஜ் மேசைக்குத் திரும்பிப் போனாள். அங்கே வரிசை நீண்டிருந்தது.

தூரிட் படகுக்குத் திரும்பவில்லை. கேட்டால், 'பார்க்கலாம்' என்கிறாள். அவள் மடித்து வைத்த உடையை யாரோ படகுத்துறை அறையில் அவள் பெயர் போட்ட கொக்கியில் மாட்டியிருக்கிறார்கள், யாரும் எடுக்கவில்லை. புதிய பக்கம் அச்சாகி எல்லாப் படகுகளுக்கும் போயிற்று. ஹெர்டிஸ் இப்போது கேள்வி கேட்டால் பட்டியலின் கட்டத்தில் பதில் எழுதச் சொல்வதில்லை; தொலைபேசியில் கூப்பிட்டு, கையால் செய்கிறதை வாயால் சொல்லுங்கள் என்கிறாள். பாதிப் பேர் எரிச்சல்படுகிறார்கள். விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பிறகும் அவள் கணினி வெளிச்சம் தெரிகிறது.

இன்று காலையும் பூட்டிவிட்டுப் போய், திரும்பி வந்தாள். சமையலறை வரை போன காலடி அங்கேயே கொஞ்சம் நின்றது. நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அது வாசலுக்கு வரும்வரை காத்திருந்தேன்.